தாய்ப்பலகை போனால் போகட்டும்

சித்திரை மாதத்துப் பிற்பகல்களில் ஹட்டன் மலைகளில் இடி முழங்குவது இங்கு வாழ்பவர்களுக்குச் செய்தியல்ல. இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலத்தின் வழமை அது. அப்படியொரு பிற்பகலில், எனது வீட்டின் பின்னறையில் பல ஆண்டுகளாக இரவுபகல் ஓடிக்கொண்டிருந்த சேர்வர் கணினி ஒரு சிறு ஓசையுடன் அடங்கிவிட்டது. மின்சாரம் திரும்பிய பின்னும் அது எழவில்லை.

சேர்வர் என்றதும் வாசகர்கள் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். 2012இல் வெளிவந்த ஓர் ஐ3 புரொசெசர், 8 ஜிகாபைட் டிடிஆர்3 நினைவகம், ஒன்றின் பிரதியாக மற்றொன்று இயங்கும் இரண்டு வன்தட்டுகள், அவற்றின் மேல் டெபியன் லினக்ஸ். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தட்டுகளில் இருப்பவை எனக்குப் பெரிது. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் சேர்த்த நறுக்குகள், தோட்டங்களில் முதியவர்களோடு அமர்ந்து பதிவுசெய்த குரல்கள், லயன் வீடுகளின் தகரப் பெட்டிகளுக்குள் பூஞ்சணம் பிடித்துக் கிடந்த பிறப்புச் சான்றிதழ்கள், குடியுரிமைக் கடிதங்கள் ஆகியவற்றின் படங்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்ணிக்கைகளாகப் பங்கிடப்பட்ட மக்களுக்கு ஒரு துண்டுக் காகிதத்தின் பெறுமதி என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. குரல் தந்தவர்களுள் பலர் இன்று உயிரோடு இல்லை.

நகரத்தில் கணினி திருத்தும் இளைஞர் ஒருவர் வந்து பார்த்தார். வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்த்தார். நினைவகத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். இந்த வரிசை முக்கியமானது. கணினி எழவில்லை என்றதும் மதர்போர்டைக் குற்றவாளியாக்கிவிடுவது நம்மவர் வழக்கம். பலவேளைகளில் பழுது பவர் சப்ளையிலோ நினைவகத்திலோ இருக்கும். எமது விடயத்தில் குற்றவாளி மதர்போர்ட்தான். புரொசெசருக்கு அருகில் இருந்த கெப்பாசிட்டர்கள் சில ஏற்கெனவே தலை உப்பியிருந்தன. இடி இறுதி அடியை அடித்திருக்கிறது.

"சேர், இதெல்லாம் எதுக்கு வீட்ல வச்சிக்கிட்டு? கிளவுட்ல போட்டுட்டா நிம்மதிதானே?" என்றார் அவர்.

"மாசாமாசம் வாடகை கட்டணுமே தம்பி. நான் இல்லாம போற மாசம் யார் கட்டுவா?" என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த அமெரிக்க டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. டொலரில் கட்டும் வாடகை எதுவாக இருந்தாலும், நாம் எதுவும் செய்யாமலே ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. ஓய்வு பெற்றவனின் ரூபாய் வருமானத்தில் அத்தகைய வாடகைக்கு ஒரு சமூகத்தின் நினைவை அடகு வைப்பது எனக்கு உவப்பானதல்ல.

நிற்க. மாற்று மதர்போர்டுக்கு மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, இன்டெல் என்100 போன்ற சிக்கனமான புரொசெசர் ஒட்டியே வரும் புதிய சிறு போர்ட். 2023இல் வெளிவந்த இந்தப் புரொசெசரின் மின்தேவை மிகக் குறைவு. ஆனால் எனது பழைய டிடிஆர்3 நினைவகம் அதற்குப் பொருந்தாது. புதிதாக வாங்க வேண்டும். 2025இன் பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியதை அறிவீர்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. அதன்மேல் 2024 ஜனவரி முதல் நம் நாட்டில் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரி.

இரண்டாவது, கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் போய், அலுவலகங்களில் பாவித்துக் கழித்த முழுக் கணினி ஒன்றை வாங்குவது. மோசமான யோசனையல்ல. ஆனால் அத்தகைய சிறிய பெட்டிகள் பலவற்றில் இரண்டு பெரிய வன்தட்டுகளுக்கு இடமிருக்காது. பவர் சப்ளையும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருக்கும். பழுதுபட்டால் ஹட்டனில் மாற்றுக் கிடைப்பது அரிது.

மூன்றாவது, பழைய புரொசெசரையும் நினைவகத்தையும் வைத்துக்கொண்டு, அதே 1155 சொக்கெட்டுக்குரிய போர்டை மட்டும் வாங்குவது. எச்61, பி75 என்னும் சிப்செட்களைக் கொண்ட போர்டுகள் பாவித்தவையாகவும், சீனச் சிறு தயாரிப்பாளர்கள் பழைய சிப்களைக் கொண்டு புதிதாகச் செய்தவையாகவும் கிடைக்கின்றன. எச்61 எனில், 2012ஆம் ஆண்டின் புரொசெசரை ஏற்கும் பயோஸ் அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஏனெனில் அந்தச் சிப்செட் 2011இல் வந்தது.

இத்தனை பழைய போர்டின் வேகம் போதுமா என்று கேட்கலாம். எச்61இன் சாட்டா வேகம் நொடிக்கு 300 மெகாபைட் வரை. சுழலும் வன்தட்டு அந்த எல்லையைத் தொடுவதேயில்லை. வீட்டு வலையமைப்பின் ஒரு ஜிகாபிட் கம்பியோ நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் கடத்தாது. ஆக, ஒடுங்கிய இடம் மதர்போர்டில் இல்லை. சுருங்கிய வாய்க்காலுக்கு அகன்ற மதகு எதற்கு?

மின்கட்டணம் என்னும் வாதத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. பழைய கணினி புதியதைவிட 25 வோட் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 18 அலகுகள். பாவனை கூடக் கூட அலகின் விலையும் கூடும் நம் நாட்டில் அது சிறிய தொகையல்ல. காசல்ரீயும் மவுசாகலையும் லக்சபானவும் இந்த மலைகளில்தான் இருக்கின்றன. இங்கிருந்து நாட்டுக்கு வெளிச்சம் போனபோது எத்தனை லயன்கள் குப்பி விளக்கோடு இருந்தன என்பது வேறு கதை.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, பாவித்த பி75 போர்டையே வாங்கினேன். புதிய போர்டுக்கும் நினைவகத்துக்கும் ஆகியிருக்கும் செலவில் இது ஒரு சிறு பகுதி. மீந்த பணத்தில் மூன்றாவது வன்தட்டு ஒன்று வாங்கினேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

மதர்போர்ட் மாற்றக்கூடிய பொருள். தட்டில் உள்ளது மாற்ற முடியாதது. எனது இரு தட்டுகளும் லினக்ஸின் சொந்த மென்பொருள் முறையில் இணைக்கப்பட்டிருந்ததால், புதிய போர்டில் மாட்டியவுடன் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. சில மதர்போர்டுகள் தாமே இணைப்பு முறையொன்றைத் தருவதாக விளம்பரம் செய்யும். அதில் மயங்கினால், போர்ட் இறக்கும்போது தட்டுகளும் அநாதையாகலாம். மாட்டிய அன்று எனக்கு நேர்ந்த ஒரே இடர், வலையமைப்பு அட்டையின் பெயர் மாறிப்போய் சேர்வர் ஊமையாக நின்றது. திரையை இணைத்து ஒரு வரியைத் திருத்தியதும் பேசத் தொடங்கியது. மின்சாரம் திரும்பியதும் கணினி தானே எழும்படி பயோஸில் ஒரு தெரிவு உண்டு. மின்வெட்டு ஓயாத ஊரில் அதை மறக்கக்கூடாது.

ஆனால் ஒரே வீட்டில் இரண்டு தட்டுகள் இருப்பது இரண்டு பிரதிகள் ஆகாது. 1981 யூனில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் சேர்ந்தே எரிந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டியபோது, மண் சரிந்து வீடுகள் இருந்த இடமே தெரியாமல் போனது. அந்த நாட்களில் எனது பின்னறையையும் அதற்குப் பின்னாலுள்ள சரிவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடியிலிருந்து தப்பியது மண்ணிலிருந்தும் தப்பும் என்று எவர் உறுதி சொல்வார்? 1920களில் கோ. நடேசய்யர் நடத்திய "தேசபக்தன்" போன்ற இதழ்களைத் தேடி அலைந்தவர்களுக்கு, ஒரு பிரதியேனும் வேறிடத்தில் இருப்பதன் அருமை தெரியும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தின் நியாயமும் அதுவே.

மூன்றாவது தட்டு இப்போது சமவெளியில், வேறொரு நகரத்தில், நண்பர் ஒருவரின் அலுமாரியில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது பேருந்தில் மலையேறி வந்து, புதியவற்றை ஏற்றிக்கொண்டு திரும்பும். அழகான ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். என் சக்திக்கு உட்பட்ட ஏற்பாடு.

வெளிநாடுகளில் வாழும் மலையக நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். ஊரில் எவராவது இப்படியொரு பெட்டியை வைத்துக்கொண்டு பழைய படங்களையும் குரல்களையும் காத்துவந்தால், அவருக்குப் புதிய கணினி அனுப்புவதைவிட ஒரு வன்தட்டு அனுப்புங்கள். அதன் மற்றொரு பிரதியை உங்கள் வீட்டில் வைத்திருங்கள்.

இளைஞர் போகும்முன் ஒரு கேள்வி கேட்டார்: "சேர், நீங்க இல்லாட்டி இத யார் தொறப்பாங்க?"

நான் அவரிடம் கேட்ட கேள்வியை அவர் எனக்கே திருப்பித் தந்துவிட்டார். அன்றிரவே ஒரு தாளில், எது எங்கே இருக்கிறது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, எப்படி இயக்குவது என்பதை எளிய தமிழில் கையால் எழுதி, பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டினேன். இத்தனை ஆண்டுகளில் அந்தச் சேர்வருக்கு நான் செய்த மிக மலிவான திருத்தம் அதுதான். முதலிலேயே செய்திருக்க வேண்டியதும் அதுதான்.