வொர்க்கஹாலிக் என்பது பட்டம் அல்ல

இன்டர்வியூவில் "உங்க பலவீனம் என்ன?" என்று கேட்டால், "நான் கொஞ்சம் வொர்க்கஹாலிக் சார்" என்று வெட்கத்தோடு பெருமையடிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அப்ரைசலில் மேலாளர்களும் இதே சொல்லைத்தான் மாலையாகப் போடுகிறார்கள்.

இது பாராட்டா? 'அல்' என்பது அரபியில் பெயருக்கு முன்னால் வரும் சுட்டு. 'குஹ்ல்' என்றால் கண் மை. மைக்கு அரைத்த நுண்பொடியைக் குறித்த சொல், பிறகு வடித்தெடுத்த சாரத்துக்கு ஆகி, கடைசியில் மதுச்சாரத்தில் வந்து நின்றது. அதோடு 'இக்' விகுதி சேர்ந்து ஆல்கஹாலிக். அதைத் தப்பான இடத்தில் வெட்டி, 'அஹாலிக்' என்ற வாலை மட்டும் வேலைக்கு ஒட்டினார்கள். 1971இல் வெய்ன் ஓட்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார் இந்தச் சொல்லைத் தன் நூலின் தலைப்பிலேயே வைத்துப் பரப்பினார். அவர் பெருமை பேசவில்லை. வேலையை விட முடியாத தன்னைக் குடிநோயாளியோடு ஒப்பிட்டு வாக்குமூலம் கொடுத்தார்.

தப்பாக வெட்டினாலும் அந்த வாலில் நோய் ஒட்டிக்கொண்டுதான் வந்தது. அதை மறைத்து நாம் 'கடின உழைப்பாளி' என்று மொழிபெயர்க்கிறோம். நம் 'ஆளி' விகுதி உழைப்பாளியிலும் இருக்கிறது, நோயாளியிலும் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மெயில் அனுப்புகிறவர் இதில் எந்த ஆளி என்று நிறுவனத்திடம் கேட்காதீர்கள். வீட்டில் விழித்திருப்பவரிடம் கேளுங்கள்.