வானமும் குதிரும்

தமிழர் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பருவங்களாகப் பகுத்தனர். உழவுத் தொழிலும் அப்பகுப்பை ஒட்டியே நடைபெற்றது. விதைப்பதற்கு ஒரு பட்டம், களை எடுப்பதற்கு ஒரு நாள், அறுவடைக்கு ஒரு திங்கள் என யாவும் வகுக்கப்பட்டிருந்தன. ஆயினும் வானம் எல்லா ஆண்டும் தன் முறையில் நிற்பதில்லை. மழை பெய்ய வேண்டிய காலத்தில் வெயில் காய்வதும், கதிர் முற்ற வேண்டிய காலத்தில் குளிர் மிகுவதும், அறுவடை நாளில் அடைமழை பெய்வதும் உண்டு.

பருவம் பிறழ்ந்தால் பயிர் கெடும் என்பதை யாவரும் அறிவர். அக்கேடு உழவனை இருமுறை தாக்குகின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. முதல் அடி வயலில் விழுகின்றது. இரண்டாம் அடி சந்தையில் விழுகின்றது. முதல் அடியை முழுதும் தடுக்கும் ஆற்றல் மக்களுக்கு இல்லை. இரண்டாம் அடியைத் தடுக்க இயலும், தடுத்தல் கடமையுமாகும்.

குளிர் பயிரைக் கெடுக்கும் வகையை முதலில் காண்போம். நெற்பயிர் பூட்டை கட்டும் காலத்தில் குளிர் மிகுமாயின் பூந்தாது வலிமை இழக்கும், மணி பிடிக்காது. முற்றிய கதிர் தலை சாய வேண்டியிருக்க, அக்கதிர் நிமிர்ந்தே நிற்கும். களத்தில் தூற்றினால் பதரே மிஞ்சும். காலம் தாழ்ந்து நட்ட தாளடி, மார்கழிக் குளிரில் அகப்பட்டுப் பதராவதைக் காவிரிப் படுகை உழவர் நன்கறிவர். புன்செய்ப் பயிர்களும் இத்துன்பத்திற்கு விலக்கல்ல. சோளமும் கம்பும் பூக்கும்போது வானம் மூடி ஈரக்குளிர் நீடித்தால், கதிர்களில் தேன்போன்ற நீர் கசியும். இதனைத் தேனொழுகல் நோய் என்பர்.

ஒரு நாட்டின் குளிர் மிகுதிக்குக் காரணம் நெடுந்தொலைவிலும் இருக்கக்கூடும். 1815ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த சும்பாவாத் தீவில் தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதிலிருந்து எழுந்த கந்தக ஆவி மேல்வானத்தில் நுண்துளிகளாகப் பரவி, ஞாயிற்றின் ஒளியில் ஒரு பகுதியைத் தடுத்தது. உலகின் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரி செல்சியசு குறைந்தது. அரை டிகிரி என்பது உடலால் உணரவும் அரிய சிற்றளவு. எனினும், 1816ஆம் ஆண்டில் மேலை ஐரோப்பா கோடையையே காணவில்லை. வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் சூன் திங்களில் பனி பொழிந்தது. இந்தியாவிலும் பருவமழை முறை தவறிற்று. அடுத்த ஆண்டில் செருமானிய நாடுகளில் தானிய விலை இருமடங்கும் மும்மடங்குமாக ஏறியது. உண்ண உணவின்றிப் பல்லாயிரவர் தாய்நாட்டை விட்டு வெளியேறினர்.

குளிரால் வந்த கேடு அது. வறட்சியால் வந்த கேட்டைச் சென்னை மாகாணம் 1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை கண்டது. 1876இல் இரு பருவமழைகளும் பொய்த்தன. பல இலட்சம் மக்கள் மாண்டனர். அந்நாளில் துறைமுகத்தில் தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. புகைவண்டிகளும் தானியம் சுமந்து ஓடின. ஆனால் ஏறிய விலையைக் கொடுத்து வாங்க ஏழையின் கையில் காசில்லை. விளைவு இல்லாத ஊரில் கூலி வேலை ஏது? மாயூரம் வேதநாயகம் பிள்ளை போன்ற வள்ளல்கள் தம் பொருளை வாரி வழங்கிப் பசி தீர்த்தனர். அவர்தம் அறம் போற்றத்தக்கது. எனினும் ஒரு மாகாணத்தின் பசியைத் தனி மனிதர் ஈகை தாங்குமோ? இந்தியப் பஞ்சங்கள் உணவுப் பஞ்சங்கள் என்பதினும் வேலைப் பஞ்சங்கள் எனல் பொருந்தும் என 1880இல் பஞ்ச விசாரணைக் குழுவே கருத்துரைத்தது. வயலில் விழுந்த அடியினும் சந்தையில் விழுந்த அடி கொடிதாயிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இக்கருத்தை நம் நாட்டு ஊர் ஒன்றில் பொருத்திக் காண்போம். திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடந்தால் வாலிகண்டபுரம் தோன்றும். வாலீசுவரர் திருக்கோயிலால் பெயர் பெற்ற பழம்பதி அது. 1751ஆம் ஆண்டில் கருநாடகப் போர் நிகழ்ந்த களமும் அதுவே. இப்பதியைச் சூழ்ந்த பெரம்பலூர் மாவட்டம் பெரிதும் வானம் பார்த்த பூமி. முற்காலத்தில் இங்குள்ள புன்செய்களில் சோளம், கம்பு, வரகு முதலியன துவரையோடும் அவரையோடும் கலந்து விளைந்தன. ஒன்று தவறினால் மற்றொன்று கைகொடுத்தது. இன்று மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன.

மக்காச்சோளம் பணம் தரும் பயிர். அதனைப் பயிரிடுவோரைக் குறை கூறுதல் முறையன்று. பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் பணம் வேண்டுமன்றோ? வரகைக் குற்றி உமி நீக்கும் உழைப்பும் பெரிது. ஆனால் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்திற்கே செல்கின்றது. விளைவித்தவன் வீட்டு உலையில் அது ஏறுவதில்லை. தை மாத அறுவடையில் மழை பெய்துவிட்டால் மணியில் ஈரம் ஏறும், பூஞ்சை பற்றும், வணிகர் விலையைக் குறைப்பர். 2021ஆம் ஆண்டு சனவரியில் பெய்த பருவந்தப்பிய மழையால் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற நெற்கதிர்கள் வயலிலேயே முளைத்தன. இத்தகைய ஆண்டில் உழவன் விற்கும் பொருளின் விலை இறங்குகின்றது. அவன் வாங்கும் பருப்பு முதலியவற்றின் விலை ஏறுகின்றது. ஒரே மழை இருபுறமும் அவனை வருத்துகின்றது.

பயிர்க் காப்பீடு இருக்கின்றதே என்று வினவலாம். 2016ஆம் ஆண்டு முதல் நடைபெறும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பயனுடையதே. ஆயினும் இழப்பை அளந்து தொகை வழங்கக் காலம் செல்லும். அதற்குள் விலை ஏறிவிடும். தொகையின் அளவு மாறாது. அது வாங்கும் தானியத்தின் அளவு குறையும். நியாயவிலைக் கடையில் 2011ஆம் ஆண்டு முதல் விலையின்றி வழங்கப்படும் அரிசி, ஏழையின் பசியைத் தடுத்து நிற்கின்றது. அதனால் பட்டினி அகன்றது, கடன் அகலவில்லை. வீரிய மக்காச்சோள விதையை ஆண்டுதோறும் விலைக்கு வாங்க வேண்டும். நாட்டு வரகையோ சோளத்தையோ பயிரிட்டவன் தன் களத்திலிருந்தே மறு ஆண்டுக்கு விதை எடுத்து வைக்கலாம்.

ஆதலால், புன்செய் உழவர் ஒவ்வொருவரும் தம் நிலத்தில் ஒரு பகுதியையேனும் சோளம், கம்பு, வரகு ஆகியவற்றுக்கு ஒதுக்குதல் நன்று. எஞ்சிய பகுதியில் பணப்பயிர் விளையட்டும். ஓராண்டுக்குரிய தானியம் வீட்டுக் குதிரில் இருந்தால், சந்தை விலை அவ்வீட்டின் வாயிலில் நின்று திரும்பிப்போகும். ஊர்தோறும் உலர்களமும் பண்டகசாலையும் அமைத்தல் கூட்டுறவுச் சங்கங்களின் கடமை. அவை இருந்தால் ஈரமணியை அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. சிறுதானியத்தை நல்ல விலைக்குக் கொள்முதல் செய்தல் அரசின் கடமை. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடைகள் வழியே கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அத்தகைய ஏற்பாடு புன்செய் மாவட்டங்கள் அனைத்துக்கும் பரவ வேண்டும்.

இன்று உலகம் வெப்பம் மிகுந்து வருகின்றது. இனிக் குளிரைப் பற்றிய கவலை எதற்கு என்று கருதுதல் பொருந்தாது. 1991ஆம் ஆண்டு பிலிப்பைன்சு நாட்டில் பினாதுபோ எரிமலை வெடித்ததும் உலகம் மீண்டும் ஏறத்தாழ அரை டிகிரி குளிர்ந்தது. வெயிலோ குளிரோ மழையோ எது மிகுந்தாலும், அதனைத் தாங்குவது சேமித்த தானியமே.

கோபுரக் கலசங்களில் வரகு முதலிய தானியங்களை இட்டு, குடமுழுக்குத்தோறும் புதுப்பித்தல் தமிழ்நாட்டு வழக்கம். பொன் பூசிய கலசத்தின் உள்ளே புன்செய் வரகை வைத்தவர்கள், செல்வம் எது என்பதை அறிந்தவர்கள். கோபுரத்தின் உச்சியில் காக்கப்படும் அவ்வரகு, அதன் நிழலில் வாழும் உழவர் வீட்டுக் குதிரிலும் காக்கப்பட வேண்டும்.