பின்னால் ஓடி வந்தவர்

ஒரே வீட்டு ஆட்கள் நாலு பேர் அதிகாலையில் தெருவில் ஓடினால், கடன் கொடுத்தவன் துரத்துகிறான் என்றுதான் ஊர் நினைக்கும். எங்கள் தெருவும் அப்படித்தான் நினைத்தது.

எல்லாம் மகள் செய்த வேலை. காலேஜ் முதல் வருஷம். ஜனவரியில் சென்னையில் நடக்கிற மாரத்தானில் 10 கிலோமீட்டர் பிரிவுக்கு நாலு பேர் பெயரையும் கொடுத்து, என் போனிலிருந்தே பணத்தையும் கட்டிவிட்டு, அப்புறம்தான் சொன்னாள்.

"ஏன்டி, எனக்கு 47 வயசு. தாத்தாவுக்கு 73!"

"தாத்தா சரின்னுட்டார். உனக்குத்தான் பயம்."

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதென்ன 195 மீட்டர் கொசுறு? 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் ஆரம்பித்து, ஸ்டேடியத்தில் ராஜ குடும்பம் உட்கார்ந்திருந்த மாடத்துக்கு எதிரே முடித்தார்கள். அந்தக் கணக்கையே 1921-ல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். அங்கே குடும்பம் உட்கார்ந்து பார்த்தது. எங்கள் வீட்டில் குடும்பமே ஓட வேண்டியதாயிற்று.

அதே பந்தயத்தில் முதலாவதாக வந்த இத்தாலிக்காரர் டொராண்டோ பியெட்ரி, ஸ்டேடியத்துக்குள் நுழைந்ததும் விழுந்து விழுந்து எழுந்தார். பாவப்பட்டு யாரோ கைத்தாங்கலாகக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். அதனாலேயே தங்கம் போச்சு! ஓடுகிறவரைத் தொடக்கூடாது சார்.

மூன்று மாதப் பயிற்சி. மகள் போட்ட முதல் சட்டம்: "ஓடிக்கிட்டே ஒரு முழு வாக்கியம் பேச முடியணும். முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

சிக்கலே அங்கேதான். எனக்கும் அப்பாவுக்கும் பேச்சு கிடையாது. சண்டையெல்லாம் இல்லை, விஷயம் இல்லை. "கரண்ட் பில் கட்டியாச்சா?" "ஆச்சுப்பா." இருபது வருஷமாக எங்கள் உரையாடல் இவ்வளவுதான். அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை.

முதல் நாள் பார்க்கைச் சுற்றியபோது என் முழு வாக்கியம் இதுதான்: "அப்பா... கரண்ட்... பில்..."

அப்பா ரிடையர்டு போஸ்ட்மேன். நாளெல்லாம் சைக்கிள் மிதித்த கால். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே வந்தார். மணியார்டர் வந்தால் காபி கொடுத்த வீடுகள், தந்தி என்றதும் பிரிக்காமலே அழுத வீடுகள். ஒன்றுகூட நான் அதுவரை கேட்டதில்லை.

பந்தய நாள். நாலு மணிக்கே மெரினா பக்கம் ஜே ஜே என்று கூட்டம். சட்டையில் குத்திய நம்பருக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிப். தரையில் விரித்த பாயைத் தாண்டினால் நேரம் பதிவாகிவிடும். ஆபீசில் பஞ்ச் பண்ணுகிற மாதிரிதான். என்ன, பண்ணிவிட்டு டீ குடிக்க நழுவ முடியாது.

இரண்டாவது கிலோமீட்டரிலேயே மகளும் மனைவியும் கண்ணிலிருந்து மறைந்தார்கள். இத்தனைக்கும் மனைவி பயிற்சிக்கே வரவில்லை. "தினம் மூணு மாடி ஏறித் துணி காயப்போடறேனே, அது என்னவாம்?"

ஏழாவது கிலோமீட்டரில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அப்பாவும் நின்றுவிட்டார்.

"நீங்க போங்கப்பா. உங்க டைம் கெட்டுடும்."

"எனக்கென்னடா டைம்? பென்ஷன் மாசக் கடைசியிலதான்."

நடந்தோம்.

"உனக்கு சைக்கிள் கத்துக் குடுத்தேனே, ஞாபகமிருக்கா?"

"தெருமுனை வரைக்கும் கேரியரைப் பிடிச்சுக்கிட்டே ஓடி வந்தீங்களே."

"எங்கடா வந்தேன்? டெலிவரி முடிச்சு வந்த அலுப்பு. பாதியிலேயே விட்டுட்டேன். விழுந்துடுவியோன்னு பயம். நீ திரும்பியே பார்க்கலை."

அப்போது எனக்கு ஒன்பது வயது. முப்பத்தெட்டு வருஷமாக, முனை வரை அவர் பிடித்திருந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டுமா? படிப்பு, வேலை, கல்யாணம் என்று அதற்கப்புறமும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி இருநூறு மீட்டர். மெல்ல ஓட ஆரம்பித்தேன். முதுகில் அப்பாவின் கை.

"தொடக்கூடாதுப்பா. தங்கம் போயிடும்."

"போனாப் போகுது. ஓடுடா."

ஓடினேன். கோட்டுக்குப் பத்தடி முன்னால் ஏதோ தோன்றித் திரும்பினேன். கையை எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறார். இருபதடி பின்னால், இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கியபடி வந்துகொண்டிருந்தார்.

நின்றேன். அவர் வந்த பிறகு இரண்டு பேருமாகத் தாண்டினோம். மனைவியும் மகளும் அதற்குள் டிபனே முடித்திருந்தார்கள்.

மறுவாரம் அப்பா வழக்கம்போலக் கேட்டார். "கரண்ட் பில் கட்டியாச்சா?"

போனிலேயே ஒரு நிமிஷத்தில் கட்டிவிடலாம்.

"இல்லைப்பா. வாங்க, ஈ.பி. ஆபீஸ் வரைக்கும் நடந்து போய்க் கட்டிட்டு வரலாம்" என்றேன்.