போனை உள்ளே வைங்க... கையைக் கொடுங்க!

தேங்காய்த்திட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினால், மீன்பிடித் துறைமுகத்துப் படகுச் சத்தம் கேட்கும். இரண்டு மாதமாக அதோடு ஒரு புல்லாங்குழல் இசையும் சேர்ந்துவிட்டது. அம்மா டாய்ச்சி பழகுகிறார்.

மூட்டுவலிக்கு நல்லது என்று பக்கத்து வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ அது. தண்ணீர்த் தொட்டி மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, வெள்ளை உடை போட்ட சீனத் தாத்தா கையைத் தூக்கினால் அம்மாவும் தூக்குவார். அவர் திரும்பும்போதுதான் சிக்கல். போன் பின்பக்கம் போய்விடும்.

"நான் செய்யறது சரியா தப்பான்னு யாருடி சொல்லுவா?" என்று ஒருநாள் கேட்டார்.

பதில் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். டாய்ச்சியின் வரலாறே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருக்கிறது, வாசகர்களே.

ஒரு கிராமம், ஒரு குடும்பம்

முதலில் ஒரு விஷயம். '7ஆம் அறிவு' படம் பார்த்தவர்கள், "இதுவும் நம்ம போதிதர்மர் கொண்டுபோனதுதானே?" என்று கேட்பீர்கள். போதிதர்மர் கதை ஷாவோலின் கோயிலைச் சேர்ந்தது. அதையே வரலாற்று ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. டாய்ச்சியின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் சென்ஜியாகோ என்றொரு கிராமம். சென் குடும்பத்தாரின் ஊர். 17-ம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த சென் வாங்டிங் என்ற போர்வீரரிடமிருந்து இந்தக் கலை தொடங்கியதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்பாவிடமிருந்து மகனுக்கு, பெரியப்பாவிடமிருந்து தம்பி மகனுக்கு என்று தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது.

அந்தக் கதவைத் தட்டியவர் யாங் லூச்சான் (1799–1872). ஹெபே மாகாணத்துக்காரர், வெளியாள். சுவர் ஓரம் ஒளிந்திருந்து பார்த்தே கற்றுக்கொண்டார் என்றொரு கதை உண்டு. அது கதைதான். ஆனால், 14-வது தலைமுறை ஆசான் சென் சாங்ஷிங் (1771–1853) அவரைச் சீடராக ஏற்றுப் பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்தார் என்பது உண்மை. பிறகு யாங் பெய்ஜிங் போய் மஞ்சு அரச குடும்பத்தாருக்கே ஆசிரியரானார். இன்று உலகத்தில் அதிகம் பேர் பழகுவது 'யாங் பாணி'தான். ஓர் ஆசான் ஒரு வெளியாளுக்குச் சரி என்று சொன்னதால் நடந்தது இது.

ஏன் ஆசான் வேண்டும்?

டாய்ச்சி, ஷிங்யி, பாகுவா மூன்றையும் 'உள்முகக் கலைகள்' என்பார்கள். தசை பலத்தை நம்பாமல், உடம்பை இறுக்கமில்லாமல் வைத்து, பாதத்தில் எழும் விசையை இடுப்பு வழியாகக் கைக்குக் கொண்டுவருவது இதன் சூட்சுமம். உடம்புக்குள்ளே நடக்கும் அந்த வேலை கேமராவில் தெரியாது.

அதனால்தான் இருவர் கையோடு கை ஒட்டி நின்று, மெதுவாகத் தள்ளியும் விட்டுக்கொடுத்தும் பழகும் ஒரு பயிற்சி இதில் முக்கியம். உங்கள் தோள் இறுகினால் எதிரில் நிற்கும் ஆசானின் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும். சரியான நிலை எது என்பது அவர் கையிலிருந்து உங்கள் கைக்கு வருகிறது. அவருக்கும் அவருடைய ஆசானிடமிருந்து அப்படித்தான் வந்தது. "உங்க ஆசான் யாரு, அவருக்கு ஆசான் யாரு?" என்று இந்தக் கலைக்காரர்கள் விடாமல் கேட்பது பெருமைக்காக மட்டுமில்லை.

நெருக்கமான சீடராக ஏற்க ஒரு சடங்கே உண்டு. மண்டியிட்டு வணங்கி ஆசானுக்குத் தேநீர் கொடுக்க வேண்டும். நம் ஊரில் வெற்றிலை பாக்குத் தட்டில் தட்சணை வைப்போமே, அது மாதிரி.

ஒவ்வொரு கதவாக...

யாங்கின் பேரன் யாங் செங்ஃபூ (1883–1936), குதிப்பதையும் காலை உதைத்து ஊன்றுவதையும் குறைத்து, சாதாரண மக்களும் செய்யும்படி மெதுவாக மாற்றினார். 1928-ல் சென் குடும்பத்தின் 17-வது தலைமுறை சென் ஃபாகே பெய்ஜிங்குக்கு வந்து, வெளியாட்களுக்கும் குடும்பக் கலையைக் கற்றுக்கொடுத்தார்.

செங்ஃபூவின் சீடர் செங் மான்ச்சிங், காசநோயிலிருந்து மீள டாய்ச்சிக்கு வந்தவர். நீண்ட வரிசையை 37 அசைவுகளாகச் சுருக்கினார். 1960-களில் நியூயார்க்கில், "சீனர் அல்லாதவர்களுக்கு ஏன்?" என்ற எதிர்ப்பை மீறி எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். அவருடைய சீடர் ஹுவாங் ஷெங்ஷியான், நம் உறவினர்கள் நிறைய பேர் வாழும் சிங்கப்பூர், மலேசியாவில் பள்ளிகள் தொடங்கினார். 1956-ல் சீன அரசே 24 அசைவுகள் கொண்ட எளிய வரிசையை உருவாக்கியது. 2020-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் டாய்ச்சி இடம்பிடித்தது.

எங்கள் வீட்டுக் கம்பு

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உங்க தாத்தாவும் ஆசான்தானே" என்றார்.

ஆமாம். அம்மாவின் அப்பா சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர். தெருப் பையன்கள் எத்தனையோ பேர் அவரிடம் கற்றிருக்கிறார்கள். அம்மா பத்து வயதில் கேட்டபோது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா கம்பு?" என்று சிரித்துவிட்டாராம். பையன்களுக்கும் எல்லாவற்றையும் அவர் கொடுக்கவில்லை. சில வரிசைகளைத் தகுதியான ஆள் வந்தால் தருவதாக வைத்திருந்தார். 2019-ல் இறந்துவிட்டார். அந்தக் கடைசி வரிசைகளின் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. தாத்தா இருந்தபோது எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. என் கையில் எப்போதும் போன் இருந்தது.

அவர் கம்பு மட்டும் கதவு மூலையில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா அந்தக் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். துறைமுகத்தில் வலை பின்னும் ஒரு மாமா, தாத்தாவிடம் படித்தவர். "எனக்குப் பாதிதான் தெரியும்க்கா. அதுவரைக்கும் சொல்லித் தரேன்" என்றார்.

நான் வீடியோ எடுக்கப் போனை நீட்டினேன். "அதை உள்ள வைம்மா. நீயும் வந்து நில்லு" என்றார்.

முதல் பாடம் காலடி. அம்மாவின் பின்னங்கால் தவறாக இருந்தது. மாமா கம்பு நுனியால் குதிகாலை லேசாகத் தட்டித் திருப்பினார். "உங்கப்பா எனக்கு இப்படித்தான்க்கா தட்டுவாரு."

அம்மா கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இன்னொரு தடவை தட்டு" என்றார்.

டாய்ச்சியையும் விடவில்லை. முதியவர்கள் தடுமாறி விழுவதை அது குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்களும் பழக நினைத்தால், மூட்டுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஆசிரியரிடம் முதல் நாளே, "உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

உங்கள் வீட்டிலும் கைவைத்தியமோ, கோலமோ, கம்போ தெரிந்த ஒரு பெரியவர் இருக்கலாம். இந்த வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்களேன். என்ன சொன்னார் என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்!