தண்ணிக்குமா சீட்டு?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஒழுங்காக இருக்கும் பிள்ளைக்கு எங்கள் வகுப்பில் 'போன் புவேன்' என்று ஒரு சிறு சீட்டு தருவார்கள். பத்து சேர்ந்தால் ஒரு வண்ணப்படம். அதில் எனக்குக் குறை ஏதுமில்லை. ஆனால் ஒரு வருஷம் வந்த முசியே, வகுப்பு நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போவதற்கும் ஒரு சீட்டு கேட்டார். சீட்டில்லாதவன் மணி அடிக்கும்வரை நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பான். வீட்டில் சொன்னேன். அப்பா கேட்டார்: "தண்ணிக்குமாடா சீட்டு?"

போன வாரம் கடற்கரையில் நண்பர் ஒருவர், "கைதி நல்லபடி நடந்தால் சலுகை, இல்லாவிட்டால் கிடையாது. இதில் என்ன சார் தப்பு?" என்றார். எனக்கு அப்பாவின் கேள்விதான் ஞாபகம் வந்தது.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு சிறையில் 1972இல் 'ஸ்டார்ட்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அடங்காதவர்கள் என்று முத்திரை குத்திய கைதிகளை, சம்மதம் கேட்காமலே மற்ற சிறைகளிலிருந்து கொண்டுவந்தார்கள். மொத்தம் எட்டுப் படிகள். முதல் படியில் பெரும்பாலும் அறைக்குள்ளேயே அடைப்பு. சொன்னபடி கேட்டால் அடுத்த படி, கொஞ்சம் கூடுதல் வசதி. சிலர் சேர மறுத்து வழக்குப் போட்டார்கள். 1974இல் திட்டத்தை மூடிவிட்டார்கள். முன்கூட்டி விசாரிக்காமல் கைதிகளை அதற்கு மாற்றியது சரியல்ல என்று நீதிமன்றமும் அதே ஆண்டு சொன்னது.

இங்கிலாந்து அதிலிருந்து பாடம் படித்ததா? 2013 நவம்பரில் சிறைச் சலுகை விதிகளை இறுக்கினார்கள். வீட்டிலிருந்து பார்சலில் புத்தகம் வருவதும் அதில் நின்றுபோனது. எழுத்தாளர்கள் கொதித்தார்கள். 2014 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. மகள் அனுப்பும் புத்தகம் சலுகையா? அதுவும் தண்ணீர்தானே!

பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1840இல் நார்ஃபோக் தீவுச் சிறைக்குப் பொறுப்பேற்ற மெகோனகி, தண்டனையை ஆண்டுக் கணக்கில் வைக்காமல் மதிப்பெண் கணக்கில் வைக்கச் சொன்னார். உழைத்தால் விடுதலை சீக்கிரம் வரும். அது இல்லாத ஒன்றைக் கொடுப்பது. இருப்பதைப் பிடுங்கிவைத்துக்கொண்டு தவணை முறையில் திருப்பித் தருவதற்குப் பரிசு என்று பெயர் வைக்கலாமா? ஊரில் அதற்கு வேறு பெயர் உண்டு.

குமாஸ்தாவாக இருந்தவன் நான்; கணக்கு எளிதாகத்தான் வைப்பேன். பரிசு கிடைக்காத நாளில் அந்த மனிதனிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். சோறு, குளியல், வீட்டார் முகம், படிக்க ஒரு புத்தகம் இவ்வளவும் இருந்தால், அதற்குமேல் நீங்கள் தருவது பரிசு. இல்லையென்றால் அது பட்டினி.

நண்பர் இன்னும் பதில் சொல்லவில்லை. நாளை மாலை கேட்கிறேன்.