நிறுத்துவதும் வைத்தியமே

மருந்து கொடுப்பவரை வைத்தியர் என்று உலகம் கொண்டாடுகிறது. கொடுத்த மருந்தை உரிய நாளில் நிறுத்துகிறவரை யாரும் கொண்டாடுவதில்லை; "கைவிட்டுவிட்டாரே!" என்று ஏசாதிருந்தால் அதுவே பெரிது. ஆயினும், நிறுத்துவதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டென்பதை மதுபானத்தால் விளையும் ஈரல் அழற்சியின் சரித்திரம் நமக்குக் கற்பிக்கிறது.

நெடுங்காலம் மிதமிஞ்சிக் குடித்தவருக்கு ஒரு நாள் திடீரென்று கண்ணும் மேனியும் மஞ்சளாகின்றன. சுரம் காய்கிறது, வயிறு வீங்குகிறது, நோய் முற்றினால் புத்தியும் தடுமாறுகிறது. மதுவினால் புண்பட்ட ஈரலின்மீது, உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே படையெடுத்து மேலும் நாசம் விளைவிப்பதுதான் இந்நோயின் விபரீதம். தீயணைக்க வந்தவர்கள் வீட்டையே இடித்துத் தள்ளுவது போன்றது இது.

அப்படையை அடக்குவதற்கு அளிக்கப்படுவதே ஸ்டீராய்டு. பிரெட்னிஸோலோன் என்னும் மருந்தைத் தினம் 40 மில்லிகிராம் வீதம் 28 நாள் கொடுப்பது வழக்கம். ஆனால் எல்லோருக்கும் அன்று. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் மாட்ரேயும் அவருடைய சகாக்களும், இரத்தம் உறையும் நேரத்தையும் பிலிருபின் என்னும் மஞ்சட் பொருளின் அளவையும் கொண்டு ஒரு கணக்கு வகுத்தார்கள். பிற்பாடு திருத்தப்பெற்று வழங்கும் அக்கணக்கில் 32-ம் அதற்கு மேலும் வருவோருக்கே நோய் கடுமையானது, அவர்களுக்கே இம்மருந்து.

காவற்படையை அடக்கினால் கோட்டை வாயில் திறந்துகொள்ளுமன்றோ? பிரிட்டனில் 65 ஆஸ்பத்திரிகளில் 1,103 நோயாளிகளைச் சேர்த்து நடத்திய பரீட்சையின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. மருந்தற்ற போலி மாத்திரை மட்டும் உண்டவர்களில் நூற்றுக்கு 17 பேர் 28 நாளுக்குள் மாண்டனர். பிரெட்னிஸோலோன் மட்டும் உண்டவர்களில் 14 பேர். இச்சிறு வித்தியாசம் தற்செயலன்று என்று அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை. 90 நாளிலும் ஒரு வருஷத்திலும் கணக்கெடுத்தபோது அந்த லாபமும் காணப்படவில்லை. கடுமையான தொற்று நோய்களோ, ஸ்டீராய்டு பெற்றோரில் நூற்றுக்கு 13 பேரையும் பெறாதோரில் 7 பேரையும் பீடித்தன.

அப்படியானால் மருந்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. சிலருக்கு அது பலிக்கிறது. யாருக்கு என்று காண்பதற்குப் பிரான்ஸ் தேசத்து லீல் நகரத்து வைத்தியர்கள் 2007-இல் ஒரு வழி கூறினார்கள். ஏழாம் நாள் பிலிருபினை மறுபடி அளந்து, வயது முதலியவற்றுடன் சேர்த்துக் கணக்கிட வேண்டும். விடை 0.45-க்கு மேற்பட்டால் மருந்து பலிக்கவில்லை, நிறுத்திவிட வேண்டியதே. அவர்கள் ஆராய்ச்சியில் ஆறு மாதம் பிழைத்திருந்தோர், பலித்தவர்களில் நூற்றுக்கு 85 பேர். பலியாதவர்களில் 25 பேரே.

அந்த ஏழாம் நாள் நோயாளியின் வீட்டாருக்கு எத்தகைய நாள் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. "இன்னும் நாலு நாள் கொடுத்துப் பாருங்கள்" என்று அவர்கள் கெஞ்சுவது இயல்பே. ஆனால் பலியாத மருந்தை நீட்டிப்பது, நோய்க் கிருமிகளுக்கு வாயில் திறந்து வைப்பதாகும். மறுக்கிற வைத்தியர் கல்நெஞ்சரல்லர் என்பதை அவர்கள் உணர வேண்டும்.

மருந்து நின்றால் வழியே நின்றுவிட்டதென்று எல்லோர் விஷயத்திலும் கொள்ள வேண்டாம். ஆறு மாதம் குடியாமலிருந்தால்தான் மாற்று ஈரல் என்று பல இடங்களில் ஒரு விதி இருந்தது. ஆறு வாரமே நிச்சயமில்லாதவனுக்கு ஆறு மாதத் தவணை எதற்கு? 2011-இல் வெளியான பிரெஞ்சு, பெல்ஜிய வைத்தியர்களின் ஆராய்ச்சியில், மருந்து பலிக்காதவர்களுள் மிகக் கவனமாகப் பொறுக்கியெடுத்த 26 பேருக்கு உடனே மாற்று ஈரல் பொருத்தினார்கள். ஆறு மாதம் பிழைத்தோர் நூற்றுக்கு 77 பேர்; பொருத்தப் பெறாத ஒத்த நோயாளிகளில் 23 பேர். அவ்வறிக்கை வெளியான வரையில் மறுபடி குடித்தவர் மூவரே. "குடிகாரனுக்கு எதற்கு?" என்று கேட்போர் இக்கணக்கை ஒரு முறை பார்ப்பது நலம்.

மருந்து பலித்தாலும், ஈரல் மாற்றினாலும், பின்வரும் வருஷங்களைக் காப்பது மதுவை அறவே விடுதல் ஒன்றே. வைத்தியர் மருந்தை நிறுத்த ஏழு நாள் பொறுக்க வேண்டும். நோயாளி மதுவை நிறுத்தப் பொறுக்க வேண்டிய நாள் ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தனியே செய் என்று அவனை விட்டுவிடலாகாது. மாத்திரையில் அடங்காத அந்த வைத்தியத்தில் வீட்டாருக்கும் பங்கு உண்டு.