ஏறியவரை அறியும் அட்டை, ஏற்றப்படாதவரை அறியுமா?

சென்னை மாநகரப் பேருந்துகளில் 2025 ஜனவரி முதல் ‘சிங்காரச் சென்னை’ பயண அட்டை செல்லுகிறது. 2023 ஏப்ரலில் மெட்ரோ ரயிலுக்கு வந்த அதே அட்டைதான். நாடு முழுவதும் ஒரே அட்டையில் பயணம் என்று 2019 மார்ச்சில் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ் வழங்கப்படுவது. இன்று தலைநகரில் ஓடுவது நாளை நம் டவுன் பஸ்ஸுக்கும் வரலாம். அதற்கு முன் அதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

அட்டைக்குள் ஒரு சிப்பும் மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கின்றன. பேட்டரி கிடையாது. நடத்துநரின் கருவி அனுப்பும் ரேடியோ அலையே அட்டைக்கு மின்சாரம் தருகிறது. அதனால்தான் கருவிக்கு மிக அருகில் காட்ட வேண்டியிருக்கிறது. பயணத்துக்கான பணத்தின் இருப்பு அட்டையிலேயே பதிந்திருப்பதால், செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் கட்டணம் கழியும். மெட்ரோவில் ஏறும்போதும் இறங்கும்போதும் காட்ட வேண்டும். பேருந்தில் இறங்கும் இடத்தை நடத்துநர் கருவியில் பதிந்த பிறகு ஒருமுறை காட்டினால் போதும்.

இதில் நமக்கு நன்மை உண்டு. ‘சில்லறை இல்லையென்றால் இறங்கு’ என்ற அதட்டலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கை படாமல் மீதிச் சில்லறையை மேலிருந்து போடும் நடத்துநர்களையும் பார்த்திருக்கிறோம். கருவிக்கு யார் கை என்ற கேள்வி இல்லை. அந்த அளவில் அட்டையை வரவேற்போம்.

ஆனால் அட்டையில் முன்கூட்டியே பணம் போட வேண்டும். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் செலவழிக்கும் வீட்டில் முன்பணம் ஏது? சென்னை மெட்ரோவில் பயண அட்டைக்கும் செல்போன் டிக்கெட்டுக்கும் 20 சதவீதம் தள்ளுபடி தந்தார்கள். ரொக்கம் கொடுத்தவர் முழுக் கட்டணம் கட்டினார். முன்பணம் இருப்பவருக்குச் சலுகை, இல்லாதவருக்கு முழு விலை என்ற இந்த வழக்கம் கிராமத்துக்கு வரக் கூடாது. அட்டை தொலைந்தால் அதில் பதிந்த பணமும் பொதுவாகத் திரும்பாது. சட்டைப்பையிலிருந்து விழுந்த ரூபாய் மாதிரிதான்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அட்டையைக் காட்டும்போதெல்லாம் எந்த வண்டி, எவ்வளவு கட்டணம் என்ற கணக்கு சேருகிறது. எந்தத் தடத்தில் கூட்டம், எதில் இல்லை என்பதை அந்தக் கணக்கை வைத்தே அதிகாரிகள் முடிவு செய்யலாம். காலனி நிறுத்தத்தில் வண்டி நிற்காமல் போனால், அங்கே காத்திருந்த இருபது பேர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். ‘அந்த நிறுத்தத்தில் பயணிகளே இல்லை’ என்று கருவி சொல்லும். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் இலவசமாகப் பயணிக்கும் நம் பெண்களும் கட்டணக் கணக்கில் பூஜ்ஜியம்தான். காசு வந்த இடத்தை மட்டும் பார்த்துத் தடம் போட்டால் முதலில் வெட்டுப்படுவது நம் ஊர் வண்டிதான்.

பேருந்தில் ஏறக் காசு மட்டும் போதாது என்பதை நம் வரலாறு சொல்லும். இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் 1924-இல் பொதுச்சாலை எல்லோருக்கும் உரியதென்று அரசாணை வந்தது. அதன் பிறகும் பேருந்துக் கதவு நமக்குத் திறக்கவில்லை. ராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த சௌந்தரபாண்டியனார், ஒடுக்கப்பட்டோரை ஏற்ற மறுத்தால் உரிமம் ரத்து என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. 1997-இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரை ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்ததற்குத் தென்மாவட்டங்களில் கலவரமே நடந்தது. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்தார்கள்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். அட்டை வந்தாலும் ரொக்கம் செல்ல வேண்டும். இருவருக்கும் ஒரே கட்டணம் வேண்டும். அட்டையில் பணம் போடும் வசதி நடத்துநரிடமே இருக்க வேண்டும். பெண்களின் இலவசப் பயணத்துக்கு அட்டையை நிபந்தனை ஆக்கக் கூடாது. வண்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றதா என்பதும் கணக்கில் ஏற வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் காலனி நிறுத்தத்தில் எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, நின்றதா, எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். அதை அடுத்த கிராமசபையில் படித்துத் தீர்மானமாக்கி, பணிமனைக்கும் ஆட்சியருக்கும் அனுப்புவோம். கருவி எழுதாத கணக்கை நாமே எழுத வேண்டியிருக்கிறது.